கடைசி வரிசைக்குப் போன குரல்

ஆனைக்கிணறு ஊரில் பொன்னுலிங்கம் என்று ஒருவன் இருந்தான். ஆள் ஆறடி. குரல் மட்டும் சட்டைக் காலரைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை.

ஒருநாள் பட்டப்பகலில் ஒரு திருடன் வந்து அவன் ஆட்டை அவிழ்த்தான். "திருடன்! திருடன்!" என்று பொன்னுலிங்கம் தன்னால் முடிந்தமட்டும் கத்தினான். திருடன் பக்கத்தில் வந்து, "என்னமோ சொன்னீங்களே, என்ன அண்ணாச்சி?" என்று கேட்டான். பொன்னுலிங்கம் மறுபடியும் கத்தினான். "ம்ஹூம், கேக்கலை. இன்னொரு நாள் சாவகாசமா வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திருடன் ஆட்டோடு நடையைக் கட்டினான்.

சேதி தெரிந்ததும் மாமியார் பேச்சியம்மாள் வந்தாள். மகள் இசக்கியம்மாளைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"மாப்பிள்ளை, கோயில் கொடைக்கு நாடகம் போடுதீங்கல்லா? நான் கடைசி வரிசையில உட்காருவேன். உங்க வசனம் என் காதுல விழுந்தா அன்னைக்கே மகளை அனுப்புதேன். விழாட்டா அவ என்கூடத்தான் இருப்பா. மைக்கெல்லாம் செல்லாது. மைக்கு வச்சா எங்க எருமைகூட நல்லாத்தான் பேசும்."

"சரி அத்தை" என்றான் பொன்னுலிங்கம். அது அவளுக்குக் கேட்கவில்லை.

நாடகத்தில் அவனுக்கு வாயிற்காவலன் வேஷம். கல்யாணமாகாத ஓர் இளைஞன் வேலை தேடி அரண்மனைக்கு வருகிறான், காவலனாகிறான், சமையல்காரர் மகளைக் கட்டிக்கொள்கிறான், கடைசியில் எதிரியைக் கண்டு ராஜாவை எச்சரிக்கிறான் என்பது கதை. அவன் வாய் திறக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: "மகாராஜா! எதிரிப் படை வாசலுக்கே வந்துவிட்டது!"

ராஜாவாக நடித்தவன் கொம்பையா. எதிரிப் படையாக நடித்தவர்கள் சங்கிலிப்பாண்டியும் மாடக்கண்ணுவும். மூவரும் பொன்னுலிங்கத்தின் ஆருயிர் நண்பர்கள். நண்பனைத் தனியாகப் படிக்க அனுப்பினால் அவன் மட்டும் புத்திசாலியாகிவிடுவான், அது நன்றாக இருக்காது என்று கூடிப் பேசி நால்வருமாக டவுனுக்குப் போய், உரக்கடை மாடியில் இருந்த கோமளவல்லி டீச்சரின் நடிப்புப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்கள்.

முதல் நாள் டீச்சர், "குரல் தொண்டையிலிருந்து வரக் கூடாது. வயிற்றிலிருந்து வரணும்" என்றார்.

கொம்பையா உடனே குனிந்து பொன்னுலிங்கத்தின் வயிற்றில் காதை வைத்தான்.

"இருக்குலே! உள்ள என்னமோ பேசுது!"

"என்ன சொல்லுது?"

"பசிக்குதுங்குது."

நால்வரும் ஓட்டலுக்குப் போய் ஆளுக்குப் பத்து இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மறுபடி காதை வைத்தால் வயிறு மூச்சுக் காட்டவில்லை.

"குரல் இட்லிக்கு அடியில மாட்டிக்கிச்சு" என்றான் சங்கிலிப்பாண்டி கவலையோடு.

"அப்போ நாளைக்கு அஞ்சு இட்லி. அரை வயிறு இட்லிக்கு, அரை வயிறு குரலுக்கு" என்று கொம்பையா தீர்ப்புச் சொன்னான். டீச்சர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

மறுநாள் ஆளுக்கொரு மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் கொடுத்தார். "இதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு வசனம் பேசுங்கள். சுடர் அசையக் கூடாது. மூச்சைக் கட்டுப்படுத்த இது நல்ல பயிற்சி. ஒரு வாரம் வீட்டில் செய்யுங்கள்."

ஒரு வாரம் கழித்து நால்வரும் வரிசையாக நின்று பேசிக் காட்டினார்கள். சுடர் இம்மியும் அசையவில்லை. மெழுகுவத்திகள் ஒரு விரற்கடைகூடக் குறையாமல் புத்தம்புதிதாக இருந்தன.

"ஏற்றவே இல்லையா?" என்றார் டீச்சர்.

"ஏத்திப் பாத்தோம் டீச்சர். அசையுது" என்றான் மாடக்கண்ணு. "அணைச்சதுக்கு அப்புறம்தான் ஒழுங்கா நின்னுது."

டீச்சர் மெழுகுவத்திகளைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு பொன்னுலிங்கத்தைத் தனியே கூப்பிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "கடைசி வரிசையில் இருக்கிற ஒருவரைப் பார். உன் குரலை அவர் காதுவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது உன் பொறுப்பு. எது நடந்தாலும் மேடையை விட்டு இறங்காதே. இது போதும், போய் வா."

பொன்னுலிங்கம் அதை மூன்று நண்பர்களிடமும் ஒப்பித்தான். நால்வரும் மனப்பாடம் செய்தார்கள்.

கொடைத் திருவிழா நாளும் வந்தது. வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம் என்று சாயங்காலம் நான்கு மணிக்கே ஊருக்கு வெளியே களத்தில் நாடகம் தொடங்கியது. டிராக்டரிலிருந்து கழற்றி நிறுத்திய பெட்டி வண்டிதான் மேடை. முன்வரிசைக்கும் மேடைக்கும் நடுவே பத்தடி இடம் விட வேண்டும் என்று கமிட்டித் தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைசி வரிசையில் பேச்சியம்மாள் வெற்றிலையைக் குதப்பியபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இசக்கியம்மாள் வரவில்லை. களத்தை ஒட்டிய சந்தின் கோடியில் இருந்த தாய் வீட்டிலேயே, முடிவு தெரியட்டும் என்று உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பொன்னுலிங்கத்தின் முறை வந்தது. கடைசி வரிசையைப் பார்த்தான். அரை வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, "மகாராஜா! எதிரிப் படை வாசலுக்கே வந்துவிட்டது!" என்றான்.

பேச்சியம்மாள் காதருகே கையைக் குவித்துக் காட்டினாள்.

மறுபடி சொன்னான். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

வண்டிக்குப் பின்னால் எதிரிப் படை அவசரமாகக் கூடியது.

"குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்னு டீச்சர் சொன்னாங்கல்லா?" என்றான் சங்கிலிப்பாண்டி. "குரல் எங்க இருக்கு?"

"பொன்னுலிங்கம் வயித்துல."

"பொன்னுலிங்கம்?"

"மேடையில. இறங்கக் கூடாது."

"மேடை?"

"வண்டியில."

"வண்டிக்குச் சக்கரம் இருக்குலே!"

இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வண்டி நகர்ந்தது. முன்வரிசைக்காரர்கள், "பத்தடி, பத்தடி!" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியோடு பின்வாங்கினார்கள். அவர்களுக்கு இடம்விட்டு அடுத்த வரிசை பின்வாங்கியது. கடைசி வரிசையும் ஒழுங்காகப் பின்வாங்கியது. ஒருவர்கூட முறை தப்பவில்லை.

"இப்போ கேக்குதா அத்தை?" என்றான் மாடக்கண்ணு.

"எங்க கேக்க? முன்ன இருந்த தூரத்துலதானே இப்பவும் இருக்கேன்" என்றாள் பேச்சியம்மாள், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு.

இப்படியே நாடகம் களத்தைக் கடந்தது, வைக்கோற்போரைச் சுற்றியது, சந்துக்குள் நுழைந்தது. கொம்பையா சிம்மாசனத்தில் அசையாமல் உட்கார்ந்து, எதிரே வந்த பால்காரருக்கு ராஜாவைப் போலவே கையசைத்தான். பொன்னுலிங்கத்துக்கோ வியர்த்துக் கொட்டியது. அவன் பார்வை மாமியாரை விட்டு விலகவில்லை. அவள் காது தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

திடீரென்று கடைசி வரிசை நின்றது. பேச்சியம்மாளின் முதுகு அவள் வீட்டுக் கதவிலேயே முட்டிக்கொண்டது. இனிப் பின்வாங்க இடமில்லை. சந்தில் இருந்தவர்கள் இரண்டு பக்கச் சுவரோடும் ஒட்டிக்கொள்ள, நடுவில் வழி திறந்தது.

உள்ளே ஆட்டுரல் ஓடும் சத்தம் கேட்டது. அது இசக்கியம்மாள் ஆட்டுகிற உளுந்து. அதைக் கேட்டதும் பொன்னுலிங்கத்துக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, இத்தனை வருஷமாக வயிற்றில் அடைந்து கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பியது.

"மகாராஜா! எதிரிப் படை வாசலுக்கே வந்துவிட்டது!"

ஓட்டின் மேலிருந்த காக்கைகள் பறந்தன. எருமை கயிற்றை அறுத்தது. கதவு திறந்தது.

"யாரும்மா வாசல்ல?" என்றாள் மாவுக் கையோடு இசக்கியம்மாள்.

"உன் புருஷன்தான். கேட்டுருச்சு, நல்லாக் கேட்டுருச்சு. மூட்டையைக் கட்டு" என்றாள் பேச்சியம்மாள், காதைத் தேய்த்தபடி.

ஜனங்கள் கை தட்டினார்கள். இசக்கியம்மாள் மூட்டையோடு மேடையேறிப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொன்னுலிங்கம் சிரித்த சிரிப்பில் ஒட்டு மீசை கழன்று விழுந்தது.

சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போக வேண்டும். மாடக்கண்ணு யோசனையில் ஆழ்ந்தான்.

"லேய், மேடை பின்னால போவுது. நாடகம் மட்டும் முன்னால போனா ரெண்டும் மோதிக்கிடாதா?"

"மோதும்" என்று ராஜா ஒத்துக்கொண்டான். "நாடகத்தையும் பின்னாலயே போடுவோம்."

பொன்னுலிங்கம் பதறினான். "அப்போ நான் சொன்ன வசனத்தைத் திரும்ப வாங்கணுமே! அத்தைக்குக் கேட்டது கேக்காமப் போயிருமே!"

"அத்தையை வீட்டுலயே விட்டுட்டுப் போவோம். காதுக்குள்ள போனது பத்திரமா இருக்கும்" என்றான் சங்கிலிப்பாண்டி.

அப்படியே செய்தார்கள். வண்டி பின்னால் போகப் போக எதிரிப் படை தன் நாட்டுக்குத் திரும்பியது. காவலனின் கல்யாண மாலை கழுத்திலிருந்து கழன்றது. ஜனங்கள் பத்தடி இடைவெளி விட்டு நாற்காலியோடு கூடவே நடந்தார்கள். களத்துக்கு வந்து சேர்ந்தபோது நாடகமும் முதல் காட்சிக்கு வந்து சேர்ந்திருந்தது.

முதல் காட்சியில் காவலனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

எல்லார் கண்ணும் இசக்கியம்மாள் மேல் விழுந்தது.

"அய்யய்யோ, கல்யாணமாகாத ஆம்பளை பக்கத்துல நான் உட்கார்ந்திருந்தா ஊர் என்ன பேசும்?" என்று அவள் மூட்டையோடு குதித்து இறங்கித் தாய் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வேறு வழியில்லை. மறுநாள் காலை நால்வரும் தாம்பாளத்தில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு பெண் கேட்கப் போனார்கள். பேச்சியம்மாள் பாய் விரித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "எல்லாம் சரி, பையனுக்குக் குரல் எப்படி?" என்று விசாரித்தாள்.

"அத்தை, நேத்துத்தானே உங்க காதாலேயே கேட்டீங்க!" என்றான் கொம்பையா.

"நேத்துக் கேட்டது என் மருமகன் குரல்லா?" என்றாள் பேச்சியம்மாள். "இந்தப் பையனை நான் பார்த்ததே இல்லையே."