பனி வீட்டின் கடைசிக் கோட்டு

தீர்ப்புச் சொல்லப் பயப்படுகிறவர்கள் இந்தக் கதையை இங்கேயே விட்டுவிடலாம். முடிவில் ஒரே ஒரு கோட்டு மிச்சமிருக்கும், அதைக் கேட்டு மூன்று பேர் நிற்பார்கள், நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

திருப்பூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியின் அயர்ன் பிரிவில் செல்லக்கனிக்கு வேலை. நாள் முழுக்க நீராவிக்கு முன்னால் நிற்பவள். மார்கழியில் ஊரே போர்த்திக்கொண்டு நடமாடும்போதும் அவள் ரவிக்கை நனைந்திருக்கும். ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி தன் ஆட்களை பஸ் வைத்து மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனது. மற்றவர்கள் தண்ணீரைக் கண்டதும் குதித்தார்கள். செல்லக்கனி அந்தப் பக்கமே போகவில்லை. அங்கே பனி வீடு என்று ஒன்று இருந்தது, உள்ளே நிஜப் பனி கொட்டும் என்றார்கள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது பல் கிட்டிப் போகிற மாதிரி குளிர வேண்டும், அவள் ஆசை அவ்வளவுதான். அடுத்த வருஷம் கம்பெனி எங்கே கூட்டிப்போகுமோ தெரியாது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வருவது நடக்கிற காரியமும் இல்லை.

பனி வீட்டு வாசலில் கோட்டு கொடுத்துத்தான் உள்ளே விடுவார்கள். இருக்கிற கோட்டுக்குத் தக்கபடி ஒரு தடவைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. அதனால் வெளியே நீண்ட வரிசை. வரிசைக்குப் பக்கத்தில் கயிறு கட்டிய இன்னொரு வழி காலியாகக் கிடந்தது. அது எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கியவர்களுக்கு. 'இனி காத்திருக்க வேண்டாம்' என்று மேலே பெரிய போர்டு. போர்டு பொய் சொல்லவில்லை, அவர்கள் காத்திருக்கவே இல்லை. அவர்களுக்கும் சேர்த்து இந்தப் பக்கத்து ஆட்கள் காத்திருந்தார்கள். வாசல் இதோ வந்துவிட்டது என்று செல்லக்கனி நினைக்கும்போதெல்லாம் ஒரு பாஸ் கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்து கோட்டுகளை மாட்டிக்கொண்டு உள்ளே போகும். பாத்ரூம் போனால் இடம் போய்விடும் என்று அவள் அதையும் அடக்கிக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு முன்னால் நின்றவள் மெஹருன்னிசா, வாணியம்பாடிக்காரி. இருவரும் மதியத்திலிருந்து ஒன்றாகவே நின்று, பாஸ்காரர்களை ஒன்றாகவே திட்டி, சிநேகமாகியிருந்தார்கள். மாலையில் மெஹருன்னிசாவுக்கு போன் வந்தது. ராட்டினத்தில் சுற்றிவிட்டு இறங்கிய அவள் கணவன் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறானாம்.

"அக்கா, எடத்தக் கொஞ்சம் பாத்துக்கங்க. அவருக்கு ஒரு சோடா வாங்கிக் குடுத்துட்டு ஓடியாந்துடறேன்."

"போயிட்டு வாங்க, நான் இருக்கேன்ல" என்றாள் செல்லக்கனி. இருந்த கூச்சலில் இது வேறு யார் காதிலும் விழவில்லை.

கடைசி முறை ஆரம்பமானது. இதற்குப் பிறகு அன்றைக்குப் பனி வீடு கிடையாது. செல்லக்கனி கவுண்ட்டருக்கு முன்னால் வந்தபோது ஆணியில் ஒரே ஒரு கோட்டு தொங்கியது. சரியாக அந்த நேரத்தில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

எக்ஸ்பிரஸ் வழியில் வந்தவர் வைத்தியலிங்கம், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டி தேய்ந்து கைத்தடியோடு நடப்பவர். வரிசையில் நிற்க முடியாதென்றுதான் கூடுதல் காசு கொடுத்து பாஸ் வாங்கியிருந்தார். நல்ல மனுஷர், பாஸை நீட்டும்போதே அவருக்குக் கூச்சமாக இருந்தது. இன்னொருத்தி மெஹருன்னிசா, மூச்சு வாங்க ஓடி வந்தவள்.

"இந்தம்மா எங்கிருந்து வர்றாங்க? நடுவுல பூந்துட்டாங்க பாரு!" என்று பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள்.

பாஸ்காரருக்கே முதலிடம் என்பது கவுண்ட்டர் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த விதி. ஆனால் இன்னும் ஒரு பாஸை உள்ளே விட்டால் வரிசை தன்னைச் சும்மா விடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஒரு கோட்டுதானுங்க இருக்குது. நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று கையை விரித்துவிட்டாள்.

"நான் காசு கட்டியிருக்கேம்மா" என்றார் வைத்தியலிங்கம், தணிந்த குரலில். மெஹருன்னிசா செல்லக்கனியின் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, இவங்க உங்க முன்னாடியா நின்னாங்க? நீங்களே சொல்லுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரிசை முழுக்கச் செல்லக்கனியின் பக்கம் நிற்கும், பாஸ்காரரையும் அது விடாது. கதவு ஒருமுறை திறந்து மூட, உள்ளேயிருந்து வந்த குளிர்க்காற்று அவள் கழுத்தில் பட்டது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். காசு கொடுத்தவர், சொல்லை நம்பிப் போனவள், அசையாமல் நின்றவள், இந்த மூவரில் கோட்டு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: வைத்தியலிங்கத்தின் முட்டி வலிக்கு ஒரு நாற்காலி போட்டு, முறை வரும்வரை உட்காரவைத்திருக்க வேண்டும். அடுத்தவர் முறையைப் பிடுங்கிக் கொடுத்தது பார்க்கை நடத்துகிறவர்களின் தப்பு. அவர்கள் அவருக்கு விற்றது வரிசையில் நின்றவர்களின் நேரம், அதை விற்பதற்கு அவர்கள் யாரையும் கேட்கவில்லை. அவர் தன் பணத்தை ஆபீஸில் போய்த் திருப்பிக் கேட்கட்டும். மெஹருன்னிசாவும் இடையில் வந்தவள்தான். ஆனால் அவளுக்கு இடம் கொடுத்தவள் தன்னுடையதிலிருந்து கொடுத்தாள். இருப்பது ஒரே கோட்டு என்பதால் பின்னால் நின்றவர்களுக்கு இதில் நஷ்டமில்லை, நஷ்டம் மொத்தமும் சொல் கொடுத்தவளுக்கே. அப்படிப்பட்ட சொல் செல்லும். கோட்டு மெஹருன்னிசாவுக்குத்தான்.

"ஆமா, எனக்கு முன்னாடிதான் நின்னாங்க" என்றுதான் செல்லக்கனியும் சொன்னாள். தீர்ப்பு சரி என்று தெரிந்தும் எனக்கு வயிறு எரிகிறது. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "பனி வீடு எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள். போகவில்லை என்றால் ஏன் என்பார்கள், காரணம் சொன்னால் ஏமாளி என்பார்கள்.

"பயங்கரக் குளிரு" என்றாள் செல்லக்கனி.