அபிஷாவின் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்

நியாயம் சொல்ல வருகிறவர்கள் முதலில் நடந்ததை முழுதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது நாகர்கோவிலில் நடந்தது.

ஜெபசிங் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவன். அவன் மனைவி ரெஜினாள் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஒரே மகள் அபிஷாவுக்கு ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் ரெஜினாள் ஓடி வந்தாள். பத்து நாள்தான் விடுப்பு. அவள் வேலை நின்றால் மருந்தும் நின்றுவிடும் என்பதால், பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அவள் போன மறுவாரம் அபிஷாவின் முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில் கிடந்ததை அவளே பொறுக்கிக் காகிதத்தில் மடித்து ஜெபசிங்கிடம் கொடுத்தாள்.

"அம்மைக்கு இதச் சொல்லாதீங்கப்பா. அங்க ஒத்தையில இருந்து அழுவா."

"சொல்லமாட்டேன் மக்ளே."

"எப்பவும்?"

"எப்பவும். சத்தியம்."

அதற்குப் பிறகு அபிஷா வீடியோவில் முகம் காட்டவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லிக் குரலில் மட்டும் பேசினாள். படங்கள் மட்டும் தவறாமல் போயின. ஜெபசிங் அவளைப் படம் எடுப்பான். பிறகு கணினி முன் உட்கார்ந்து அந்த மொட்டைத் தலையில் இழை இழையாக முடி வரைவான். அபிஷா அவன் தோளில் சாய்ந்துகொண்டு, "நெத்தியில கொஞ்சம் கலைஞ்சிருக்கணும்பா, இல்லாட்டி நம்பமாட்டா" என்பாள். சில நாள் சிரிக்கக்கூடச் செய்வாள். எட்டு மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றுக்கும் ரெஜினாள் ஒரே பதிலைத்தான் எழுதினாள்: "நல்லாருக்கு மக்ளே."

ஒன்பதாம் மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. நான்கே நாளில் அபிஷா போய்விட்டாள்.

ரெஜினாள் வந்து சேர்ந்தபோது பிள்ளையை வெள்ளை உடுப்பு உடுத்தி, தலை மறையப் பூக்கிரீடம் வைத்து, மேலே வலைத்துணி போர்த்திப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அவள் வலைக்கு மேலாகவே கன்னத்தைத் தொட்டாள். வலையை விலக்கவில்லை. பிறகு மஸ்கட்டுக்குப் போகவும் இல்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து ஜெபசிங்குக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவன் முடி வரைந்த அந்த மென்பொருளை அதன் நிறுவனம் நிறுத்துகிறது. மார்ச் முடிவுக்குப் பிறகு அது திறக்காது. கேமராவில் எடுத்த மூலப் படத்தை அந்த மென்பொருள் தொடாது. செய்த மாற்றங்களைத் தனக்குள்ளேயே தனியே குறித்துக்கொண்டு, படத்தைத் திறக்கும்போது இரண்டையும் சேர்த்துக் காட்டும். ஆக, மென்பொருள் போனால் அவன் வரைந்த முடி அத்தனையும் கணினியிலிருந்து போய்விடும். முடியில்லாத படங்கள் மட்டும் கணினியில் மிஞ்சும். ரெஜினாள் என்றைக்காவது அந்தக் கோப்புறையைத் திறந்தால் அவற்றைத்தான் பார்ப்பாள்.

வரைந்த படங்களைத் தனித்தனியாகச் சேமித்துவிட்டு அடியில் உள்ள முடியில்லாத படங்களை அழித்துவிட வேண்டும். வேலை அவனுக்குத் தெரியும். ஆனால் மூன்று முறை உட்கார்ந்தும் அழிக்க விரல் போகவில்லை. கடைசியில் கணினியைத் தூக்கிக்கொண்டு வடசேரியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நண்பன் சுயம்புவிடம் போனான்.

"ரெஜினாள்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றான் சுயம்பு.

"கேட்டா, அதுவே சொன்னதா ஆயிரும்லா. பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அழிச்சிரு."

சுயம்பு சரி என்றான். இரண்டு நாளில் கணினி திரும்பி வந்தது. முடியுள்ள படங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. மற்றவை இல்லை. ஜெபசிங் அன்று சாப்பிடவில்லை. என்னவென்று ரெஜினாளும் கேட்கவில்லை.

அந்த வார முடிவில் அவன் வேலை முடிந்து வந்தபோது, சாப்பாட்டு மேசைமேல் ஒரு சின்ன டிஸ்க் இருந்தது.

"சுயம்பு அண்ணன் கொண்டு தந்தாரு" என்றாள் ரெஜினாள். "பழைய படமெல்லாம் இதுல இருக்காம். அழிக்க மனசு வரல்லன்னு சொன்னாரு. நீங்க பிள்ளைக்குச் சத்தியம் பண்ணுனதையும் சொன்னாரு."

ஜெபசிங் அங்கேயே நின்று சுயம்புவை அழைத்தான். "அழிச்சிட்டேன்னுதான சொன்ன?"

"பொய்தான் சொன்னேன்" என்றான் சுயம்பு. "அது பிள்ளையோட மொகம்லா. எனக்குக் கை வரல்ல."

ஜெபசிங் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ரெஜினாள் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் நர்ஸு. அந்த மருந்து ஏத்துன பிள்ளைக்கு முடி நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? மொதப் படம் வந்தப்பவே தெரியும். அதுல அவ சிரிச்சிட்டு இருந்தா. நான் கேட்டா அந்தச் சிரிப்பு நின்னிரும்னு தோணிச்சு. பெட்டியில வலைய விலக்கியிருக்கலாம். அவ மறைச்சத நான் விலக்கப்பிடாதுன்னு விட்டுட்டேன்."

அவள் டிஸ்க்கை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னும் தொறந்து பாக்கல்ல. எனக்குப் பாக்கணும். அந்த எட்டு மாசமும் எம்பிள்ள மொகத்த உள்ளபடி நான் பாக்கல்ல. ஆனா சத்தியம் பண்ணுனது நீங்க. நீங்க சரின்னா தொறந்து காட்டுங்க. இல்லன்னா நீங்களே வச்சுக்கிடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

இறந்த மகளுக்குத் தந்த வாக்குக்காக அவள் முகத்தையே அழிக்கச் சொன்னான் ஜெபசிங். நண்பனிடம் பொய் சொல்லி அந்த முகத்தைக் காத்துத் தாயிடம் சேர்த்தான் சுயம்பு. கைக்கு வந்ததைப் பார்க்காமல் கணவனிடமே கொடுத்தாள் ரெஜினாள். கேட்டவர்களே, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சத்தியத்தைக் காக்க நினைத்ததில் ஜெபசிங்மேல் குற்றமில்லை. ஆனால் அபிஷா சொல்லாதே என்றுதான் கேட்டாள், அழித்துவிடு என்று கேட்கவில்லை. சுயம்பு காத்தது காக்க வேண்டியதைத்தான்; அதை நண்பனின் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் அவனுக்கு இருக்கவில்லை. ஒருவன் மறைத்தான், ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு தாயால் எதைத் தாங்க முடியும் என்பதை இருவருமே அவளைக் கேட்காமல் முடிவு செய்தார்கள். ரெஜினாள் ஒருத்திதான் கேட்டாள், மாட்டேன் என்று சொல்லவும் கணவனுக்கு இடம் வைத்தாள். ஆகவே அவள் செய்ததே சரி. ஜெபசிங் அந்தப் படங்களைத் திறக்க நான்கு நாள் ஆயிற்று. அதுவரை அவள் மறுபடி கேட்கவில்லை.