கேமராவில் கேட்ட குரல்

இந்தக் கதையை எழுத உட்காரும் முன்னால் என் வீட்டுக் கேமராவின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். சிரிக்காதீர்கள், படித்து முடித்ததும் நீங்களும் துண்டைத் தேடுவீர்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன், கவனமாகப் படியுங்கள்.

கோயம்புத்தூரில் வேதவல்லி என்றொரு கணினிப் பொறியாளர். ஒரு கம்பெனியின் வீட்டுக் கேமராவில் பெரிய ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தாள். கேமராவின் அடியில் அச்சிட்ட எண் தெரிந்தால் போதும், பாஸ்வேர்டு இல்லாமலே யாரும் உள்ளே நுழையலாம். கம்பெனிக்கு நான்கு மாதம் எழுதினாள். "வெளியில சொன்னா கேஸ் போடுவோம்" என்று ஒரே ஒரு பதில் வந்தது.

சரி, மக்களுக்காவது சொல்வோம் என்று இணையத்தில் எழுதினாள். "பீலா விடாதீங்க மேடம், படத்தைக் காட்டுங்க" என்று கேலி செய்தார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. எண்ணைத் தட்டினால் அந்தக் கேமராவில் ஓட்டை இருக்கிறதா என்று சொல்லும் கருவி ஒன்றை உருவாக்கினாள். ஓட்டை இருந்தால், கேமரா பார்ப்பதைத் திரையில் காட்டும். அதன் வழியே பேசவும் விடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் போட்டாள். ஊரே அலறியது. ஆறே நாளில் கம்பெனி ஓட்டையை அடைத்தது. லட்சம் வீடுகள் தப்பின.

அந்த ஆறு நாளில், நான்காம் நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

ஓசூரில் ஜெசிந்தா, அடித்து உதைத்த கணவன் ரொசாரியோவுக்குப் பயந்து, ஒன்பது வயது மகள் ஷைனியோடு ஒளிந்து வாழ்ந்தாள். தப்பி வரும்போது அந்தக் கம்பெனிக் கேமராவையும் கழற்றி எடுத்து வந்திருந்தாள். அவன் வந்தால் தெரியட்டும் என்று ஜன்னலில் தெருவைப் பார்த்து மாட்டினாள். பாஸ்வேர்டை மாற்றியாச்சு, இனி என்ன என்று நினைத்துவிட்டாள், பாவம். எண் அச்சிட்ட அட்டைப்பெட்டி அவனிடமே இருந்தது.

மாலை நான்கரை மணி. அம்மா தையல் கம்பெனியில். ஷைனி பள்ளிவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். ஜன்னல் கேமரா பேசியது.

"ஷைனி குட்டி, நீ உள்ள போனதப் பாத்தேன். பஸ் ஸ்டாப் போர்டும் தெரியுது. அப்பா வந்துட்டே இருக்கேன், கதவத் திறந்து வை."

குழந்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் போன் அடித்தாள். ஜெசிந்தா தலைதெறிக்க ஓடி வந்து, மகளை இழுத்துக்கொண்டு ஊரை விட்டே போனாள். அரை மணி கழித்து அவன் வந்து, பூட்டிய கதவை உதைத்தானாம்.

அட்டைப்பெட்டியில் இருந்த எண்ணை வேதவல்லியின் கருவியில் தட்டித்தான் அவன் நுழைந்தான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஜெசிந்தா அவளுக்குப் போன் செய்தாள். "லட்சம் வீட்டைக் காப்பாத்தினீங்க, சந்தோஷம். என் பிள்ளை நடுங்கிட்டு நின்னுச்சே, அதுக்கு யாரு மேடம் பதில் சொல்றது?"

ரொசாரியோ செய்தது அக்கிரமம். அதில் புதிர் ஒன்றுமில்லை. நான் கேட்பது இதுதான்: வேதவல்லி அந்தக் கருவியைப் பொதுவில் போட்டது சரியா, தவறா?

விடை: ஓட்டையை ஊருக்குச் சொன்னது சரி, சொல்லாவிட்டால் கம்பெனி இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். ஓட்டை உண்டா, இல்லையா என்று மட்டும் சொல்லும் கருவியாக இருந்தால் அதுவும் சரி. அடுத்தவர் வீட்டைக் காட்டியதும், பேச விட்டதும் தவறு. அது கேலி செய்தவர்களின் வாயை அடைக்கச் செய்தது. அவர்களுக்குத் தன் வீட்டுப் படத்தைக் காட்டியிருக்கலாமே! வேதவல்லியும் அழுதுகொண்டே இதை ஒப்புக்கொண்டாள், அந்த வசதியை நீக்கினாள். அதற்குள் எத்தனை பேர் கருவியைப் பிரதி எடுத்து, இன்னும் ஓட்டை அடைபடாத பழைய கேமராக்களுக்காக வைத்துக்கொண்டார்களோ, அவளுக்குத் தெரியாது. ஷைனி இப்போது வேறு ஊரில், வேறு பள்ளியில். பக்கத்து வீட்டு டி.வி.யில் ஆண் குரல் கேட்டாலே செருப்பை மாட்டிக்கொண்டு, "அம்மா, கிளம்பலாமா?" என்கிறாளாம்.