கூரியின் குகையில் இடமில்லை!

ஆரஞ்சு மரங்கள் நிறைந்த மலைக்காட்டில் கூரி என்ற அம்மா முள்ளம்பன்றி குட்டிகளோடு குகையில் குடியிருந்தது. சுத்தம் என்றால் அதற்கு உயிர்!

மழைக்காலம் நெருங்கியது. மழை பிடித்துக்கொண்டால் ஓடையில் வெள்ளம் வரும். குகையை விட்டுத் தலைகாட்ட முடியாது. சேர்த்து வைத்த பழங்கள்தான் குட்டிகளுக்குச் சாப்பாடு.

கூரி பழம் சுமக்கும் அழகே தனி! உதிர்ந்த பழங்களின் மேல் படுத்து ஓர் உருளல். அவ்வளவுதான், முதுகு முழுக்க ஆரஞ்சு குத்தி நிற்கும். நேரே ஓடைக்குப் போய், நார்க்கொத்தால் பழங்களைத் தேய் தேய் என்று தேய்க்கும்.

"ஒரு கிருமிகூட மிஞ்சக்கூடாது!"

சில நாளில் குகையில் ஒரே நாற்றம். பழங்களின் மேல் பச்சைப்பொடி பூத்திருந்தது.

"யார் நீ?" என்று கத்தியது கூரி.

"பூஞ்சை! முள்ளால குத்தி வாசல் வச்சுக் கொடுத்திருக்கே. காவலுக்கும் ஆளில்லே. ரொம்ப நன்றிக்கா!"

கூரி அழுகியதை எல்லாம் வெளியே வீசியது. புதுப் பழம் கொண்டுவந்து, தோல் தேயத் தேயக் கழுவியது. அதுவும் பச்சை பூத்தது! வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, மழைக்கு என்னத்தைச் சாப்பிடுறது?" என்று குட்டிகள் கேட்டன. கூரிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் மூலையில் ஒரு பழம் கண்ணில் பட்டது. கூரியின் முதுகிலிருந்து நழுவி, ஓடைக்குப் போகாமல், கழுவப்படாமல் உருண்டு வந்து கிடந்த பழம் அது. அதிலும் முள் குத்திய ஓட்டை இருந்தது. பூஞ்சையைத்தான் காணோம்! கூரி முகர்ந்து பார்த்தது.

"அக்கா, மூக்கை எடு! கிச்சுகிச்சு மூட்டுது!" என்று ஓட்டைக்குள்ளிருந்து கூட்டமாகக் கூச்சல் கேட்டது.

"யாரது?"

"நாங்க கிருமிங்க!"

"ஐயையோ! எங்கே என் நாரு?" என்று தேடி எடுத்தது கூரி.

"நாரைக் கீழே போடு! நாங்க நல்ல கிருமிங்க. பழத்தோல்தான் எங்க வீடு. ஓட்டை விழுந்தா முதல் ஆளாப் போய் உட்கார்ந்து, கசியிற சாறைக் குடிச்சிடுவோம். பூஞ்சைக்கு இடமும் கிடைக்காது, சாறும் கிடைக்காது. நீதான் எங்க சொந்தக்காரங்களை எல்லாம் ஓடையிலே விட்டுட்டே!"

வெளியே முதல் தூறல் விழுந்தது. கூரி நாரைக் கீழே போட்டது.

"சரி, இப்ப நான் என்ன செய்யணும்?"

"மிச்சப் பழத்தைக் கழுவாம கொண்டுவந்து எங்க மேலே உரசு. மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்!"

கூரி ஓட்டமாய் ஓடியது. இந்த முறை முள்ளில் குத்தாமல் மூக்கால் உருட்டி வந்தது. அவசரத்தில் ஒன்றிரண்டில் முள் பட்டுத்தான் போயிற்று! எல்லாவற்றையும் அந்தப் பழத்தோடு உரசி அடுக்கியது.

மழை கொட்டியது. பூஞ்சை குஷியாக வந்து எட்டிப் பார்த்தது.

"அக்கா, வாசல் திறந்திருக்கா?"

"ஹவுஸ்ஃபுல்!" என்று ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் பதில் வந்தது.

பூஞ்சை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நனைந்தபடியே போனது. குட்டிகள் மழை முடியும்வரை சாறு வழிய வழியத் தின்று கும்மாளமிட்டன. நார் சும்மா கிடக்கவில்லை. கூரி அதை எடுத்துக் குட்டிகளின் வாயைத் துடைத்தது.

நல்லவர் யார், கெட்டவர் யார் என்று பாராமல் எல்லோரையும் விரட்டினால், நம்மைக் காப்பவரையும் நாமே விரட்டிவிடுவோம்.