பாப்பா காதில் சொன்ன பேர்

குண்டாங்குளத்தில் நாலு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். ஊரில் யாரும் அவர்களிடம் ஒரு யோசனையும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவார்கள், அந்தப் பயம்தான்.

மூத்தவன் திருவாழி. ஒரு காலத்தில் ஒரு புரோகிதருக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவன். அதனால் சாத்திர சம்பிரதாயமெல்லாம் அத்துப்படி என்று அவனே சொல்லிக்கொள்வான். அடுத்தவன் நெல்லையப்பன். எதையும் யோசித்துத்தான் பேசுவான், ஆபத்தே அங்கேதான். மூன்றாமவன் கோமதிநாயகம். கடைக்குட்டி பேச்சிமுத்து.

கோமதிநாயகத்துக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண் பேர் செண்பகம், தங்கமான பிள்ளை. யார் கண் பட்டதோ, இந்த வீட்டில் வந்து வாழ்க்கைப்பட்டாள்.

ஐப்பசியில் தலைதீபாவளி. "மாப்பிள்ளை, எல்லாரும் வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போங்கள்" என்று மாமனார் கடுதாசி போட்டார். நாலு பேரும் செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், குளித்தார்கள், போய்விட்டார்கள். மாமியார் அதிரசத் தட்டோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடி வந்தார்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை!"

"கடுதாசியில குளிக்கிற வரைக்கும்தான் இருக்கு அத்தை" என்றான் கோமதிநாயகம். தலைகூடத் துவட்டாமல் செண்பகம் அவன் பின்னாலேயே பஸ் ஏறினாள்.

அடுத்த ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. மூக்கும் முழியுமாக அவ்வளவு அழகு. மாமனார் மறுபடியும் எழுதினார்: "நல்ல நாள் பார்த்துப் பேர் வையுங்கள்." மறுநாளிலிருந்து நாலு பேரும் விடிந்ததும் வாசலில் நின்று நாளைப் பார்த்தார்கள். ஒரு நாள் மேகம், ஒரு நாள் புழுதி, ஒரு நாள் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மத்தியானத்துக்கு மேல் கெட்டுப்போனது. இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது.

செண்பகத்துக்கு வேறு நகை நட்டு ஆசையெல்லாம் கிடையாது. பெற்ற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். "பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டிக்குக்கூடப் பேரு இருக்கு. நான் மட்டும் ஏ பாப்பா, ஏ பாப்பான்னு எத்தனை நாளைக்குக் கூப்பிட?" என்று அழுதாள். பாவம், அவள் கேட்டதில் என்ன தப்பு?

கடைசியில் தீபாவளி வந்தது. நல்ல நாள் பெரிய நாள் என்று ஊரே சொல்வதால் அதைப் பார்க்காமலே ஒத்துக்கொண்டார்கள்.

திருவாழி முறையைச் சொன்னான். "அப்பன்காரன் பிள்ளை காதுல மூணு தரம் பேரைச் சொல்லணும். மூணே தரம். நாலாவது தரம் சொன்னா பேரு ஒட்டாது. முதல்ல அது பிள்ளை காதுலதான் விழணும். வேற யார் காதுலயும் விழப்படாது."

"என்ன பேருண்ணே சொல்ல?" என்றான் கோமதிநாயகம்.

"அந்த நேரத்துல வாயில என்ன வருதோ அதுதான். சாமியாப் பார்த்துக் குடுக்கிறது."

நெல்லையப்பன் யோசித்தான். "அண்ணே, ஒரு சிக்கல் இருக்கு. தம்பி வாயும் தம்பி காதும் ஒரே தலையிலதான் இருக்கு. பாப்பா காதைவிட அதுதான் கிட்ட. அப்ப முதல்ல யார் காதுல விழும்?"

இவ்வளவு காலமாக ஊர் உலகத்தில் எத்தனை பிள்ளைகளுக்குத் தப்பாகப் பேர் வைத்திருக்கிறார்களோ என்று திருவாழிக்கு வேர்த்துவிட்டது.

"நாம எல்லாரும் கையால காதைப் பொத்திக்கிடலாம். இவன் கையில பிள்ளை இருக்குமே?" என்றான்.

பேச்சிமுத்து ஓடிப்போய்த் தலையணையைக் கிழித்துப் பஞ்சு கொண்டு வந்தான். ஒரு காதை அடைத்ததும் திருவாழி அடைக்காத காதில் சொன்னான்: "நான் எடுன்னு சொன்னப்புறம்தான் பஞ்சை எடுக்கணும். அதுக்கு முன்னாடி தொடப்படாது." கோமதிநாயகம் தலையாட்டினான். பிறகு அந்தக் காதையும் அடைத்து, பஞ்சு விழாமல் இருக்கக் காதோடு சேர்த்து ஒரு தலைப்பாகையும் இறுக்கிக் கட்டினார்கள்.

எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கோமதிநாயகம் பாப்பா காதில் குனிந்து மூன்று தரம் சொன்னான். சொல்லி முடிக்கவும் தெருவில் யாரோ விட்ட சங்குசக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டே வந்து அவன் காலுக்கு நடுவில் நுழையவும் சரியாக இருந்தது. பிள்ளையோடு ஒரு குதி குதித்தான்.

திருவாழி முறை தவறாதவன். "எடு" என்று சொல்லிவிட்டுத்தான் இலையில் போய் உட்கார்ந்தான்.

செண்பகம் ஓடி வந்தாள். "ஏங்க, பிள்ளைக்கு என்ன பேரு?"

எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்ட கோமதிநாயகம் அமைதியாகச் சொன்னான்: "மூணு தரமும் சரியாத்தான் சொன்னேன். குதிச்ச குதியில மறந்துபோச்சு. என் காதுலயும் விழலை."

பேச்சிமுத்து விளக்கை எடுத்துக்கொண்டு அவன் குதித்த இடத்தில் தரையெல்லாம் தேடினான். "மைனி, நாளைக்குப் பெருக்குற குப்பையைக் கொட்டிடாதீங்க" என்றான்.

"அப்ப நானே ஒரு பேரு வச்சுக்கிடுதேன் பெரியத்தான்" என்றாள் செண்பகம்.

திருவாழி பதறிப்போனான். "அடி ஆத்தா! மூணு தரம் சொல்லி ஒட்டின பேரு. அதுக்கு மேல நீ ஒண்ணு சொன்னா நாலாவது தரமா ஆயிடும். இருக்கிற பேரும் உதிர்ந்திரும்."

நெல்லையப்பன் யோசித்தான். "பேரு தெரிஞ்ச ஆள் இந்த வீட்டுல ஒருத்திதான் இருக்கா. அவளுக்குப் பேச்சு வரட்டும், கேட்டுக்கிடுவோம்."

அப்படியே முடிவானது.

அதற்குப் பிறகு கோமதிநாயகம் அந்தத் தலைப்பாகையைக் கழற்றவே இல்லை. படுக்கையிலும் அதுதான், கிணற்றடியிலும் அதுதான். பிள்ளை பெற்றவன், ஒரு மதிப்பு வேண்டாமா என்று ஊரும் விட்டுவிட்டது. செண்பகம் எண்ணெய் வாங்கி வரச் சொன்னால் எருமையைக் குளிப்பாட்டிவிட்டு வருவான். ஆனால் முன்னாடி மட்டும் என்ன வாழ்ந்தது? அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என்ன திட்டினாலும் சிரித்துக்கொண்டே நிற்கிறாரே, இப்படி ஒரு பொறுமைசாலி யாருக்குக் கிடைப்பார் என்று செண்பகத்துக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்த தீபாவளிக்குப் பாப்பாவைக் கேட்டார்கள். "காக்கா" என்றாள். அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நெல்லையப்பனுக்குத் தோன்றியது. செண்பகம் விளக்குமாற்றை எடுத்ததும் அவனுக்குத் தோன்றாமல் போய்விட்டது.

அதற்கடுத்த தீபாவளிக்குள் பாப்பா ஊர்ப்பட்ட பேச்சுப் பேசினாள். செண்பகம் அவளைக் குளிப்பாட்டி, புதுப்பாவாடை கட்டி, மடியில் வைத்துக்கொண்டாள். "கண்ணு, அன்னைக்கு அப்பா உன் காதுல என்ன பேரு சொன்னாரு?"

பாப்பா விவரமாக, "தெரியுமே!" என்றாள்.

செண்பகத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "சொல்லு என் ராசாத்தி!"

"நிறுத்து!" என்றான் திருவாழி. "பேரைக் குடுத்தவன் அப்பன். திருப்பிக் கேக்குறதும் அவன் காதுலதான். முதல்ல வேற யார் காதுலயும் விழப்படாது. மூணு தரம்தான் பாப்பா, நாலாவது தரம் மூச்சு விடப்படாது."

எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எங்கே ஆசையில் கேட்டுத் தொலைத்துவிடுவோமோ என்று செண்பகம் கண்ணையும் சேர்த்து இறுக்கி மூடிக்கொண்டாள்.

பாப்பா அப்பன் தோளில் ஏறி, தலைப்பாகைப் பக்கமாக வாயை வைத்து, ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம், அழகாகச் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு அதிரசத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள்.

எல்லாரும் காதிலிருந்து கையை எடுத்தார்கள். செண்பகம் பாய்ந்து போய்ப் புருஷன் சட்டையைப் பிடித்தாள். "சொல்லுங்க! என்ன பேரு?"

கோமதிநாயகம் நாலு முகத்தையும் ஒருமுறை பார்த்தான். இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்த வருத்தத்தை முதல்முறையாக வெளியே விட்டான்.

"எல்லாரும் சும்மா சும்மா வாயை அசைக்கிறீங்களே தவிர, பஞ்சை எடுன்னு ஒருத்தராவது சொல்றீங்களா?"

திருவாழிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அன்னைக்கே சொன்னேனேடா! சரி, இன்னொரு தரம் சொல்றேன். எடு!"

கோமதிநாயகம் கையைக் கட்டிக்கொண்டு, அண்ணன் சொல்லட்டும் என்று காத்திருந்தான்.