கோணுகிற வில்

“இந்த வில்ல ஒரேயடியா நிமித்த வழியே இல்லையா அம்மா?”

கேட்டுக்கொண்டேதான் கொற்றன் உள்ளே வந்தான். ஒரு கையில் கொம்பு வில். இன்னொரு கையில், துணியில் சுற்றிய ஏதோ ஒன்று.

உமையாள் அம்புக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. கொற்றன் எந்தக் குறையும் சொல்லாமல் உள்ளே வந்திருந்தால்தான் அவள் பதறிப்போய் எழுந்திருப்பாள்.

“வாங்கண்ணே. கணப்புப் பக்கமா உக்காருங்க,” என்றாள்.

வில் வித்தையில் அவள் ஆசான், அவன் மாணவன். வயதில் அவள் அவனுடைய கடைசித் தங்கை போல இருப்பாள். அதனால் அவளுக்கு அவன் அண்ணன், அவனுக்கு அவள் அம்மா. இந்த உறவுமுறையைக் கேட்டு ஊர் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டது.

கொம்பு வில்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நடுவில் மரம். வயிற்றுப்பக்கம் எருமைக் கொம்பு. முதுகுப்பக்கம் எருமையின் கால் நரம்பு. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது மீன் பசை. ஆளுயர மூங்கில் வில் திணறுகிற தூரத்துக்கு இந்தக் குட்டை வில் அலட்டாமல் அம்பை அனுப்பும். ஆனால் பொல்லாத ஜென்மம். நாணைக் கழற்றியதும் எதிர்ப்பக்கமாக வளைந்து சுருண்டுகொள்ளும். இரவுப் பனி பட்டால் கோணிக்கொள்ளும். காலையில் அனலில் காட்டி, இளஞ்சூட்டில் கையால் அழுத்தி நேராக்கிய பிறகுதான் நாண் ஏற்ற முடியும்.

கொற்றனின் வில்லில், பிடிக்கு மேலே இருக்கும் பாதி தினமும் இடப்பக்கமாகவே கோணியது.

அவன் பண்ணாத வைத்தியம் இல்லை. வெயிலில் வைத்தான். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டான். பலகையோடு சேர்த்து இறுகக் கட்டிப் போட்டான். கட்டை அவிழ்த்த அன்று அது முன்னைவிட அதிகமாக முறுக்கிக்கொண்டது.

மற்ற நாளாக இருந்தால் புலம்பிவிட்டுப் பயிற்சிக்குப் போயிருப்பான். இன்று உச்சிவேளையில் கணவாய்க் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் பனைமரத்தில் யாருடைய அம்பு பதிகிறதோ அவனுக்குத்தான் வேலை.

அந்தக் கணவாய் வழியாகத்தான் கொள்ளைக்காரர்கள் வந்து கொற்றனின் மந்தையை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒரே ஓர் எருமை, கருத்தாயி, விலாவில் காயத்தோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. அவன் மடியில் தலையை வைத்துத்தான் உயிரை விட்டது. அதன் கொம்பையும் நரம்பையும் கொண்டு உமையாள் செய்து கொடுத்த வில்தான் இது. அந்தக் கணவாயில் தான் நிற்க வேண்டும், இன்னொருவன் மந்தை அந்த வழியே போகக்கூடாது. கொற்றனுக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது. வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது அவனைக் கிட்டே சேர்க்கமாட்டார்கள்.

துணியைப் பிரித்தான். புது மூங்கில் வில்.

“சந்தையில வாங்கினேன். பனியில போட்டு வெச்சுப் பாத்தேன். இம்மி கோணல. கொஞ்சம் தம் கட்டி இழுத்தா பனமரத்துக்கும் எட்டும். நான் இத எடுத்துக்கிட்டுப் போறேன். அத நீங்களே வெச்சுக்கங்க.”

கொம்பு வில்லை அவள் முன்னால் வைத்தான். வைத்துவிட்டு அதைப் பார்க்க மனம் வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

உமையாள் இறகைக் கீழே வைத்தாள். வில்லை எடுத்து, கோணிய பாதியை விரலால் தடவினாள்.

“இது கருத்தாயியோட எந்தக் கொம்பு?”

“இடது கொம்பு. நீங்கதானே வெச்சீங்க?”

“எப்படிண்ணே அவ? சாதுவா?”

அவ்வளவுதான். கொற்றன் கணப்பருகே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கருத்தாயியைப் பற்றி யாராவது கேட்டால் அவனுக்கு அவசரமெல்லாம் மறந்துவிடும். அதன் பாலைப் பற்றிச் சொன்னான். மழைக்கு முன்னால் அது முகத்தைத் தூக்கிக் காற்றை மோந்து பார்ப்பதைச் சொன்னான். மேய்ச்சல் முடிந்து திரும்பும்போது ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரியுமாம். வலப்பக்கம் வீடு. இடப்பக்கம் குட்டை. கருத்தாயி அங்கே வந்ததும் இடப்பக்கம்தான் திரும்புமாம். ஒரு சாயங்காலம்கூடத் தவறியதில்லையாம்.

“அடிப்பீங்களா?”

“சே, அவளையா? கழுத்துல தோளக் குடுத்து, இந்தப் பக்கம்டி தாயீன்னு ஒரு தள்ளு தள்ளுவேன். வந்துடுவா.”

“மறுநாள்?”

“மறுநாளும் குட்டைக்குத்தான் திரும்புவா.” கொற்றன் சிரித்தான். “நானும் தோளக் குடுப்பேன்.”

“ஒரேயடியா அந்தப் பழக்கத்த நிறுத்தியிருக்கலாமே.”

கொற்றனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“என்னம்மா இப்படிப் பேசுறீங்க? அது அவ குணம். அத எதுக்கு நிறுத்தணும்? நாந்தான் தினமும் கூடவே நடந்து வர்றேனே.”

சொன்னவனின் பார்வை அவள் கையிலிருந்த வில்லின்மேல் போய் நின்றது.

உமையாள் வில்லைக் கீழே வைத்துவிட்டு மறுபடி இறகை எடுத்துக்கொண்டாள்.



பிறகு கொற்றன் கையை நீட்டி வில்லை எடுத்தான். கணப்பு அனலில் காட்டினான். சூடு பதமாக ஏறியதும் கோணிய பாதியில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினான். அழுத்தும்போது அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்பது உமையாளுக்கு நன்றாகவே கேட்டது. கேட்காதவள் போல இருந்துகொண்டாள். அந்த முரட்டு மனிதன்மேல் அவளுக்கு அப்போது பொங்கிவந்த பிரியத்தை மறைக்க, இறகுத் தூசி கண்ணில் விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

வில் நிமிர்ந்தது. நாண் ஏற்றிக்கொண்டு எழுந்தான்.

“அண்ணே, மூங்கில் வில்ல விட்டுட்டுப் போறீங்க.”

“அவரக்கொடிக்கு ஊனி விடுங்கம்மா. கோணவே கோணாது.”

உச்சிவேளையில் அவன் அம்பு பள்ளத்தைத் தாண்டிப் போய்ப் பனையில் பதிந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. காவல் தலைவர் மட்டும் அசையவில்லை. அவர் கொம்பு வில்லின் குணம் தெரிந்தவர். அதை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னிக்கு நேரா நிக்குது. நாளைக்கு?”

கோணாது என்று சொல்லித் தொலையேன் என்று பக்கத்தில் நின்றவன் கொற்றனின் விலாவில் இடித்தான்.

“கோணுமுங்க,” என்றான் கொற்றன்.

“கணவாயில பனி அதிகம்.”

“அப்ப நல்லாவே கோணுமுங்க.”

தலைவரின் முகம் கடுத்தது. பனையில் பதிந்த அம்பு இனி உதவாது என்று கூட்டத்துக்கே தெரிந்துவிட்டது.

“தினமும் கோணுற வில்ல வெச்சுக்கிட்டு நீ என்னய்யா காவல் காப்பே?”

கொற்றன் வில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அதன் கழுத்தை ஒருதரம் தடவிக் கொடுத்தான்.

“நாளைக்குக் காலையிலயும் நான் இருப்பேனுங்களே.”

தலைவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஆபத்து வந்தால் ஊதுவதற்காகத் தன் தோளில் கிடந்த காவல் கொம்பைக் கழற்றி அவன் தோளில் மாட்டினார்.