ஹேசல் கொண்டுவராத இரும்பு

அமெரிக்காவில் யுத்த காலம். ஹைஸ்கூல் கமிட்டித் தலைவர் பிரிட்சர்ட் உத்தரவு போட்டுவிட்டார்: "பீரங்கி செய்ய ஆளுக்கொரு இரும்புச் சாமான் வேணும். வெறுங்கையோடு வந்தால் பரீட்சை எழுத முடியாது!"

அங்கே படிக்கும் ஹேசல் வீட்டில் இருந்த ஒரே இரும்பு, அம்மா ஊர்த்துணி தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி. அதைக் கொடுத்தால் அடுப்பு எரியாது.

மறுநாள் காலை வகுப்பில் பிரிட்சர்ட் அதட்டினார். "எங்கே உன் இரும்பு?"

"ரொம்பக் கனம் சார். எல்லாரும் வந்தால் தூக்கிடலாம்."

அவர் பூரித்துப்போய் வகுப்பையே கிளப்பினார். ஹேசல் போய் நின்றது அவருடைய பங்களா வாசலில். பெரிய இரும்புக் கேட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"ஏய்! இது எங்க வீட்டுக்கு வேணும்!"

"அப்போ, வீட்டுக்கு வேணுங்கிறதைக் கேட்கமாட்டீங்கதானே சார்?"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது.

"போ, போய்ப் பரீட்சை எழுது."

எழுதினாள். கடைசிக் கணக்கையும் விடவில்லை.